முழங்கை வலியும் ஒரு நெட்டியும்

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகளில் பாதி, யாரோ யாருடைய கழுத்தையோ திருகுகிற வீடியோதான். சட்டைக் காலரில் ஒரு மைக்கைச் செருகிவைத்து, ‘படக்’ என்ற சத்தத்தை ஊருக்கே கேட்க வைக்கிறார்கள். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார். சத்தம் பெரிதாக இருந்தால் வைத்தியமும் பெரிது என்று எல்லோரும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். போன மாதம், நான் வேலை பார்த்த கிளினிக்கில் இப்போது இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். “மேடம், சத்தம் நல்லா வர்றதுக்கு நம்ம டாக்டர் என்ன டெக்னிக் வச்சிருந்தாரு?” என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்ததே பெரிய விஷயம். டீ ஆறுகிற வரைக்கும் அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் பெயர் பாத்திமா. ஊர் உத்தமபாளையம். பிசியோதெரபி படித்தது மதுரையில். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், ஹாஸ்டல் சாம்பாரைச் சகித்துக்கொண்டேன், பாஸ் செய்தேன். வேலை என்று ஒன்றைக் கற்றுக்கொண்டது தேனியில், டாக்டர் ஜெபசிங்கிடம்தான்.

தேனி பஜாரில் அவர்கள் குடும்பத்துக்கு இரும்புக்கடை. கடைக்கு மேல்மாடியில் கிளினிக். கீழே ஆணியும் முள்கம்பியும் வாங்க வருகிறவர்களை இடித்துக்கொண்டு, செங்குத்தான படியில் ஏறித்தான் எங்களிடம் வரவேண்டும். டாக்டர் வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்துவிட்டு வந்தவர். மூட்டுகளையும் முதுகெலும்பையும் கையாலேயே பார்த்து, கையாலேயே சரிசெய்கிற வைத்தியம் அது. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ‘நெட்டி டாக்டர்’ என்று வைத்துவிட்டார்கள். அவருடைய அப்பாவுக்கு அதில் பெரிய மனவருத்தம். “கப்பல் ஏத்தி அனுப்பிப் படிக்க வச்சது நெட்டி எடுக்கவா? நெட்டிக்கு நம்ம சலூன்காரரு போதாதா?” என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, மாடிக்குக் கேட்கிற மாதிரியே சொல்வார். டாக்டர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

டாக்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நோயாளி சொல்லச் சொல்ல ‘ம்ம்’ என்பார். அந்த ‘ம்ம்’மிலேயே பல தினுசு உண்டு. ‘அப்படியா’ என்று ஒரு ‘ம்ம்’, ‘பொய் சொல்கிறாய்’ என்று ஒரு ‘ம்ம்’. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் புரிய ஒரு வருஷம் பிடித்தது.

முழங்கை வலி என்று வருகிறவர் வலிக்கிற கையைத்தான் முதலில் நீட்டுவார். டாக்டர் அதைத் தொடமாட்டார். வெந்நீரில் கை கழுவித் துடைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலிக்காத கையைக் கொடுங்கள் என்பார். நல்ல கை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தானே மற்றதில் என்ன கெட்டிருக்கிறது என்று தெரியும். அந்தக் கையைத் தன் தொடைமேல் வைத்து, மடக்கி நீட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் வலிக்கிற கை. முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு முனையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, அவர் எதிர்த்துக் கீழே அமுக்குவார். அங்கே “ஆத்தாடி!” என்று கத்தினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். மணிக்கட்டைத் தூக்குகிற தசைகள் அந்த எலும்பு முனையில்தான் வந்து பிடித்திருக்கின்றன. ஓயாமல் இறுக்கிப் பிடிக்கிற வேலை செய்தால், பிடித்திருக்கிற இடம் நைந்துபோகும். அதோடும் விடமாட்டார். தோளைப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார். முழங்கைக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து புறப்படுவதால், அங்கே ஒரு பிசகு இருந்தாலும் இங்கே வலிக்கலாம்.

எங்கள் பள்ளத்தாக்கில் இந்த வலிக்குப் பஞ்சமே கிடையாது. கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று கொடியைக் கவாத்து வெட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் கத்தரியை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். மாடு கறக்கிறவர்கள், பரோட்டாவுக்கு மாவு அடிக்கிறவர்கள், எல்லோரும் எங்கள் படியில் ஏறியிருக்கிறார்கள். டாக்டர் முழங்கை மூட்டில் ஒரு சின்ன, வேகமான தள்ளு கொடுப்பார். சில சமயம் சத்தம் வரும், பல சமயம் வராது. வந்தாலும் அது மூட்டுக்குள் இருக்கிற வாயு செய்கிற வேலை. எலும்பு ‘இடத்தில் உட்கார்ந்த’ சத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி கொஞ்சம் இளகும், கை கொஞ்சம் இலகுவாகும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் வேலை. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்கச் சொல்லிக் கொடுப்பது, முழங்கைக்குக் கீழே பட்டை கட்டுவது, கவாத்துக் கத்தரியின் பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்கச் சொல்வது. இதையெல்லாம் வீட்டில் செய்தவர்கள் குணமானார்கள். செய்யாதவர்கள் எங்களைத் திட்டினார்கள்.

இன்னொரு தொந்தரவும் உண்டு. எங்கள் ஆட்களிடம் “கைக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள்” என்று கேட்டால், கூலிக்குச் செய்வதை மட்டும்தான் சொல்வார்கள். கோம்பையிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். போகும்போது வலி குறைந்து போவார், அடுத்த வாரம் கூடி வருவார். “ஒரு செம்புத் தண்ணி கூடத் தூக்குறதில்ல சார்” என்று சத்தியம் செய்வார். ஒருநாள் வீட்டில் ஆளில்லை என்று தன் கோம்பை நாயையும் கூட்டிவந்துவிட்டார். பஜாரில் ஒரு பூனையைப் பார்த்ததும் நாய் பாய்ந்த பாய்ச்சலில், சங்கிலி பிடித்த கை சவுக்குக்குச்சி மாதிரி நீண்டதை டாக்டர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். “தினமும் இப்படித்தானா?” என்று கேட்டதற்கு, “காலையும் சாயங்காலமும் நடத்திக் கூட்டிப் போவேன். அது வேலையா சார்? அது எங்க வீட்டுப் பிள்ளையில்ல?” என்றார் மனிதர். நாயை இடது கைக்கு மாற்றச் சொன்னோம். வலி போய்விட்டது.

அதற்கு எல்லோரும் சிரித்தோம். அதே மாதிரியான ஒரு பதில் பின்னாடி ஒரு மனிதரைப் படுக்கையில் தள்ளப் பார்த்தது. சுருளிவேலைச் சொல்கிறேன்.

அவர் சின்னமனூர் வாழைத்தார் மண்டியில் லோடுமேன். லாரியிலிருந்து தாரை இறக்கித் தலையிலும் பிடரியிலுமாகத் தாங்கி, உள்ளே கொண்டுபோய் அடுக்குகிற வேலை. ஐம்பதை நெருங்குகிற வயதிலும் தேக்குக்கட்டை மாதிரி உடம்பு. வலது முழங்கையில் பல மாதமாக வலி. பட்டை கட்டியிருந்தார், தைலம் மணத்தது, வேறு எங்கோ ஊசியும் போட்டிருந்தார்கள். கூடவே மனைவி பாண்டியம்மா வந்திருந்தார்.

“தேனியில நெட்டி டாக்டர் இருக்காக, ஒரே இழுப்புல செரியாக்கிருவாகன்னு மண்டியில சொன்னாக. அதேன் லீவு போட்டு வந்தோம்” என்றார் சுருளிவேல்.

டாக்டர் வழக்கம்போல் நல்ல கையை வாங்கிப் பார்த்தார். ‘ம்ம்’ என்றார். அந்த ‘ம்ம்’ எனக்குப் புதிதாக இருந்தது. வலிக்கிற கையில் எலும்பு முனையை அழுத்தினார். வலித்தது, ஆனால் மாதக்கணக்கில் வேதனைப்படுகிறவருக்கு வலிக்கிற அளவுக்கு இல்லை. அப்போது டாக்டரின் பார்வை பாண்டியம்மாவின் கைக்குப் போனது. அவர் கையில் ஒற்றை ரப்பர் செருப்பு.

“ஏம்மா, அது யாரு செருப்பு?”

“இவருதுதேன் சார். படியில விட்டுட்டு வந்துட்டாரு. இப்பெல்லாம் இப்புடித்தேன். கால்ல இருந்து கழண்டு கெடக்கும், இவரு பாட்டுக்கு நடந்து போயிக்கிட்டே இருப்பாரு. நாந்தேன் பெறக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடுவேன்.”

“வயசாகுதுல்ல” என்று சிரித்தார் சுருளிவேல்.

டாக்டர் சிரிக்கவில்லை. தன் தொடைமேல் இருந்த சுருளிவேலின் கையை எடுத்து, அவருடைய மடியிலேயே மெதுவாக வைத்தார். சின்னச் சுத்தியலை எடுத்தார். முழங்காலில் லேசாகத் தட்டினதும் கால் உதைத்த உதையில் ஸ்டூல் உருண்டது. கையில் நடுவிரல் நகத்தைச் சுண்டினார். தொடாத கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. உள்ளங்காலில் கோடு இழுத்தார். பெருவிரல் கீழே வளைவதற்குப் பதிலாக மேலே நிமிர்ந்தது. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். தேக்குக்கட்டை ஆடியது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னார்: “ஐயா, மூளையிலேருந்து கை காலுக்கு உத்தரவு போறது கழுத்துக்குள்ள இருக்கிற தண்டுவடம் வழியாத்தான். உங்களுக்கு அது நசுங்கிக்கிட்டிருக்கு. சுமை தாங்கித் தாங்கி எலும்பு தேஞ்சு, வழி குறுகிப்போச்சு. முழங்கை வலி அதோட ஒரு வால்தான். மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். ஸ்கேன் எடுத்துட்டு ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப் போடக்கூடாது.”

“சார், எனக்கு மொழங்கைதான வலிக்கிது? கழுத்துல ஒரு வலியும் கெடையாதே!”

“வலிக்காததுதான் இதுல மோசம்.”

“அப்ப நீங்க எடுத்துவிட மாட்டீகளா?”

“மாட்டேன்.”

“ஒரே ஒரு தடவ?”

“ஒரு தடவையும் மாட்டேன். நான் மட்டுமில்ல, யாரும் உங்க கழுத்தைத் தொடக்கூடாது. ஒரு தப்பான திருப்புப் போதும், கை கால் நாலும் போயிடும். கழுத்துக்கு யார்கிட்டயாவது வைத்தியம் பாத்தீங்களா? நாட்டு வைத்தியர்கிட்டயாவது போனீங்களா?”

“கழுத்து வலிச்சாத்தான சார் வைத்தியம் பாக்க? ஒருத்தர்ட்டயும் பாக்கல.”

அந்தப் பதிலில் பொய் இல்லை. மனிதர் அவருக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னார். டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் கழுத்துக் காலரை எடுத்து மாட்டப் போனேன். “நாய்க்குக் கட்டுற மாதிரில்ல இருக்கு” என்று தட்டிவிட்டார். பாண்டியம்மா அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். படி இறங்கும்போது சுருளிவேல், கீழே கடைக்குக் கேட்கும்படியாகவே, “நெட்டி டாக்டராம் நெட்டி டாக்டர்!” என்று சொல்லிக்கொண்டு போனார்.

அன்று அவர்தான் எங்களுக்குக் கடைசி நோயாளிக்கு முந்தினவர். கடைசி நோயாளியை டாக்டரிடம் விட்டுவிட்டு நான் கம்பம் பஸ்ஸில் ஏறினால், இரண்டு சீட்டுக்கு முன்னால் அவர்கள். மண்டியில் வேலை செய்கிறவர்களுக்கே உரிய உரத்த குரல் அவருக்கு. பேசுவது எல்லாம் எனக்குக் கேட்டது.

“மருதைக்கும் போகல, மண்ணாங்கட்டிக்கும் போகல. எறங்குனதும் மாரிட்டப் போயி இன்னைக்கு நல்லா இறுக்கி ஒரு நெட்டி எடுக்கச் சொல்றேன். நேத்து அவன் மெல்லத்தேன் எடுத்தான், அதேன் பத்தல.”

எழுந்துபோய்ப் பாண்டியம்மா பக்கத்தில் நின்று, “யாரு மாரி?” என்று கேட்டேன்.

“சலூன் வச்சிருக்காரு, மண்டிக்கு எதுக்க. இவருகூடப் படிச்சவரு. லோடு எறக்கி முடிஞ்சதும் அம்புட்டுப் பேரும் அங்கன போயி வரிசையா உக்காந்து நெட்டி எடுத்துக்கிட்டுத்தேன் வீட்டுக்கு வருவாக.”

“தெனமுமா?”

“தெனமுந்தேன்.”

“டாக்டர் கேட்டப்ப ஏன்ணே சொல்லல?” என்று சுருளிவேலிடம் கேட்டேன். சத்தம் போட்டே கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “டாக்டரு வைத்தியம் பாத்தீங்களான்னுல்ல கேட்டாக? இது வைத்தியமா தாயி? இது சவரத்தோட சேந்தது.”

டாக்டர் சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நாலு பேருக்கு முன்னாடி பயங்காட்டாதீக. நீங்க உங்க ஊரப் பாத்துப் போங்க” என்றார். டாக்டருக்குப் போன் போட்டேன். கடைசி நோயாளி மேசையில் இருக்கும்போது அவர் போனை எடுக்கவே மாட்டார். மணி அடித்து அடித்து நின்றது.

சின்னமனூரில் அவர்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். “டீச்சர், பாளையம் இன்னும் வரல!” என்று கண்டக்டர் கத்தினார். அவருக்கு நான் எப்போதும் டீச்சர்தான். பஸ் போய்விட்டது. சுருளிவேல் கோபத்தில் வேகமாக நடந்தார், ஆனால் கால் அகட்டி அகட்டித்தான் விழுந்தது. ஒரு டிராக்டர் குறுக்கே வந்து என்னையும் பாண்டியம்மாவையும் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டது. அது கரும்புச் சுமையோடு ஊர்ந்து போன நேரம் இருக்கிறதே, யா அல்லாஹ், என் வாழ்நாளில் அப்படி ஒரு டிராக்டரைப் பார்த்ததில்லை.

ஆண்கள் சலூனுக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனேன். பெஞ்சில் மண்டி ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடு நாற்காலியில் சுருளிவேல், தலை பின்னால் சாய்ந்து. மாரியின் ஒரு கை தாடையில், ஒரு கை பிடரியில். தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையை எடுங்க!” என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

மாரி கையை எடுத்துவிட்டார். கடை மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் யார், எங்கிருந்து வருகிறேன், டாக்டர் என்ன சொன்னார் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். மாரிக்கு ரோசம் வந்துவிட்டது.

“அக்கா, எங்கப்பாகிட்டப் படிச்ச தொழிலு இது. மண்டியில உள்ள அம்புட்டுப் பேருக்கும் நாந்தேன் எடுக்குறேன். ஒருத்தனுக்காச்சும் ஒண்ணு ஆயிருக்கா, இந்தா இருக்காக, கேளுங்க.”

“மத்தவங்க கழுத்து வேற, இவரு கழுத்து வேறண்ணே.”

“எனக்குத் தெரியாத கழுத்தா அக்கா? சின்னப்பிள்ளையில இருந்து பாக்குறேன்.”

வாதம் செய்து பலனில்லை என்று தெரிந்தது. எதிரில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. “சரி. ரெண்டு பேரும் கண்ணாடியப் பாத்து, கையை மூடி மூடித் தெறங்க. எம்புட்டு வேகமா முடியுமோ அம்புட்டு வேகமா” என்றேன். மாரி முறைத்துக்கொண்டே கையைத் தூக்கினார். சுருளிவேலும் என்னை மட்டந்தட்டிவிடுகிற வேகத்தில் இரண்டு கையையும் தூக்கினார்.

மாரியின் விரல்கள் படபடவென்று மூடித் திறந்தன. சுருளிவேலின் விரல்கள் மூடின, திறக்கவில்லை. திறந்தபோது கடைசி இரண்டு விரல்களும் மடங்கியபடியே இருந்தன. மறுபடி மூடினார். களிமண்ணுக்குள் கையை விட்டவர் மாதிரி இருந்தது. பெஞ்சில் யாரோ சிரித்தார்கள், பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. மாரி கையைக் கீழே போட்டுவிட்டார். சுருளிவேல் மட்டும் கண்ணாடியில் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு மூடித் திறந்துகொண்டிருந்தார். வலிக்கிற கை மட்டுமல்ல, நல்ல கையும் அப்படித்தான் இருந்தது.

“ராத்திரி தூக்கமில்ல, அதேன்” என்றார் கடைசியில். பிறகு, “எடுறா மாரி” என்றார்.

மாரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “மாட்டேன்.”

“ஏலே, நான் சொல்றேன்ல, எடு.”

“நீ என் சங்க அறுத்தாலும் மாட்டேன்டா. நேத்து எடுத்தேன். முந்தா நாளு எடுத்தேன். இன்னும் ஒண்ணு எடுக்க என்னால ஆகாது.”

சுருளிவேல் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தார். “இந்தூர்ல வேற சலூனே இல்லியா?” என்றார். வாசலில் நின்றிருந்த பாண்டியம்மா உள்ளே வராமலே, “போங்க! போயி எவன்ட்டயாச்சும் திருகிக்கிட்டுப் படுங்க! ஆயுசுக்கும் அள்ளிப் போட நான் இருக்கேன்ல!” என்று ஓங்கி அழுதுவிட்டார். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பையிலிருந்து காலரை எடுத்து நீட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் கை மாற்றி மாற்றி அதை மாரியிடம் கொடுத்தார்கள். மாரி, சவரத்துக்குத் துணி கட்டுகிற அதே லாவகத்தோடு, தலையை ஒரு நூல்கூட அசைக்காமல், கழுத்தில் காலரை மாட்டிவிட்டார். சுருளிவேல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போனதும் மாரிதான், கடையைப் பூட்டிவிட்டு. ஸ்கேன் பார்த்த டாக்டர்கள், இவர் எப்படி இன்னும் நடக்கிறார் என்று கேட்டார்களாம். ஆபரேஷன் நடந்தது. நடை திரும்பியது. விரல்கள் முழுசாக இல்லாவிட்டாலும் பெரும்பாலும் திரும்பின.

டாக்டர் ஜெபசிங்கிடம் நடந்ததைச் சொன்னபோது, “நான் கேள்வியைத் தப்பாக் கேட்டிருக்கேன் பாத்திமா” என்றார். அதற்குப் பிறகு முழங்கை என்று வந்தாலும் முதுகு என்று வந்தாலும், “சலூன்ல நெட்டி எடுப்பீங்களா?” என்று தனியாகக் கேட்காமல் ஒருவர்மேலும் கை வைத்ததில்லை. பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். மாரி நெட்டி எடுப்பதையே விட்டுவிட்டார். “எவன் கழுத்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்புடி அக்கா தெரியும்?” என்றார் என்னிடம். அதனால் சில பேர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்றார்.

சுருளிவேல் மட்டும் என்னை மன்னிக்கவில்லை. இனிமேல் ஆயுசுக்கும் தலையில் பாரம் ஏற்றக்கூடாது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். மண்டியில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். இவரை வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். தார் சுமந்த மனிதருக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது பெரிய அவமானம். “அந்தம்மா பாட்டுக்கு அவுக ஊருக்குப் போயிருந்தா, நான் இன்னைக்கும் தாரு தூக்கிக்கிட்டு இருப்பேன்” என்று சொல்வாராம். முழங்கையில் மிச்சமிருந்த வலிக்குப் பயிற்சிக்காகக் கொஞ்ச நாள் கிளினிக்குக்கு வந்தார். டாக்டரிடம் பேசுவார். நான் பாட்டிலைக் கையில் கொடுத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு வாங்குவார். எனக்கு வருத்தம்தான், ஏன் மறைக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று மனசு எதிர்பார்த்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பியும் இருக்கிறேன்.

ஓய்வுபெற்றதற்கு அப்புறம் ஒருநாள், ஒரு கல்யாணத்துக்காக வாழைப்பழம் சொல்ல அந்த மண்டிக்குப் போக வேண்டியிருந்தது. சாப்பாடு கொண்டுவந்திருந்த பாண்டியம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே சுருளிவேல். என்னைக் கண்டதும் அவர் முகம் சுண்டியது. மனைவி பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சோத்த அங்கன வச்சுட்டுப் போ” என்று சொல்லிவிட்டு, தார்க்குவியல்களுக்கு நடுவே இருந்த ஒற்றையடி வழியில் திரும்பி நடந்தார்.

“இத்தன வருஷமாகியும் உங்க வீட்டுக்காரருக்கு என் மேல கோவம் தீரலியே” என்றேன்.

பாண்டியம்மா அவர் போகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். “தீர வேணாம்க்கா” என்றார். “அப்புடியே இருக்கட்டும். கோவிச்சுக்கிட்டு விறுவிறுன்னு எந்திரிச்சு நடந்து போறாரு பாத்தீகளா? அதப் பாக்கத்தேன் நான் தெனமும் அவர்ட்டச் சண்டை போடுறேன்.”